கோட்டு கோர்ட்டுக்குப் போன கதை

தமிழில் ‘கோட்டுச் சித்திரம்’ என்று எழுதினால் இரண்டு பொருள் வரும். கோடுகளால் வரைந்த படம் ஒன்று. மேலே போட்டுக்கொள்ளும் கோட்டின் படம் இன்னொன்று. இந்த ஆய்வுக்கு இரண்டும் வேண்டும். 1950-களின் பாரிஸில் பெண்களுக்கான கோட்டின் படம் என்பது பென்சிலில் இழுத்த பத்துப் பன்னிரண்டு கோடுகள், அவ்வளவுதான். அந்தக் கோடுகளைக் காப்பதற்காக பிரான்ஸ் தனிச் சட்டமே போட்டது. நியூயார்க்கில் வழக்கு நடந்தது. உடைக்கலைஞர் ஒருவர் பத்திரிகைக்காரர்களையே ஒரு மாதம் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்.

வழக்கின் பெயர் டியோர் – மில்டன். ஆண்டு 1956. டியோர் பாரிஸின் உடைக்கலைஞர். மில்டன், பாரிஸ் உடைகளைப் படமாக்கி அமெரிக்க உற்பத்தியாளர்களுக்கு விற்றதாகப் புகாருக்கு ஆளானவர். அதில் குறிப்பிட்ட ஒரு கோட்டைப் பற்றி மட்டும் சண்டை நடக்கவில்லை. மொத்தமாக பாரிஸ் உடை மாதிரிகளைப் பற்றித்தான் சண்டை. கோட்டை நான் கையில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. படத்தைப் பார்த்தே திருடிவிடலாம் என்று எளிதில் நம்பவைப்பது கோட்டுதான். அப்படித் திருடும்போது மிச்சம் நிறையத் தப்பிவிடுவதும் கோட்டில்தான்.

படம் பிறக்கும் இடம்

கிறிஸ்தியான் டியோர் வரையும் முறையை அவரே 1956-ல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். புதிய தொகுப்புக்கான காலம் வந்ததும் பாரிஸை விட்டுக் கிளம்பிவிடுவார். மில்லி-லா-ஃபோரே என்ற ஊரில் அவருக்கு ஒரு பழைய ஆலை வீடு இருந்தது. அங்கே படுக்கையில், குளியல் தொட்டியில், சாப்பாட்டு மேசையில், காரில் என்று போகிற இடமெல்லாம் கிறுக்கிக்கொண்டே இருப்பார். முதலில் வருவது வெறும் கிறுக்கல். திடீரென்று ஒன்று பிடித்துப்போகும். உடனே அதிலிருந்து கிளைகள் பிரியும். இப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான சிறு படங்களோடு, தன் நிறுவனம் இருந்த பாரிஸின் அவென்யூ மொந்தேன் 30-ஆம் எண் கட்டடத்துக்குத் திரும்புவார்.

அவருடைய பழைய பிழைப்பும் இதுதான். 1930-களில் கையில் காசில்லாமல் நின்ற டியோர், தொப்பிப் படங்களும் உடைப் படங்களும் வரைந்து, பாரிஸ் நிறுவனங்களின் கதவைத் தட்டி விற்றுத்தான் வாழ்ந்தார். 1938-ல் ரொபேர் பிகே என்ற உடைக்கலைஞர் தன் நிறுவனத்தில் வேலை கொடுத்த பிறகே அலைச்சல் நின்றது. பின்னாளில் படம் விற்கிறவர்மேல் வழக்குப் போட்ட மனிதரும் ஒரு காலத்தில் படம் விற்றவர்தான். வித்தியாசம் என்னவென்றால், அவர் விற்றது தன் சொந்தப் படம்.

சரி, கோட்டுக்கு வருவோம். படம் டியோரின் கையிலிருந்து மார்கரீத் காரே என்ற அம்மையாரிடம் போகும். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு முழுக்க அவருடையது. எந்தப் படம் எந்தத் தையல்கூடத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் அவரே. மெல்லிய துணியில் தொய்வாக விழும் உடைகளுக்கு ஒரு வகைக் கூடம். கோட்டு, ஜாக்கெட் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டியவற்றுக்கு இன்னொரு வகை. அதற்கு ‘தையோர்’ என்று பெயர். தையோர் கூடத்தின் தலைமைத் தையற்கலைஞர் படத்தை வைத்துக்கொண்டு, விலை குறைந்த பருத்தித் துணியில் முதலில் ஒரு மாதிரி தைப்பார். இதை ‘துவால்’ என்பார்கள்.

படம் பேசாத விஷயங்களுக்கெல்லாம் துவாலில்தான் பதில் கிடைக்கும். படத்தில் தோளிலிருந்து கீழே ஒரு கோடு வழிகிறது. நல்லது. துணியின் நூல் நேராக ஓட வேண்டுமா, கிராஸாக வெட்ட வேண்டுமா? கழுத்தைவிட்டு விலகி நிற்கும் காலரை நிறுத்திப்பிடிப்பது எது, உள்ளே வைத்த கேன்வாஸா, துணியை வெட்டிய விதமா? கை அக்குளில் எந்த இடத்தில் ஏறினால் கையைத் தூக்கும்போது கோட்டு மொத்தமும் கூடவே எழும்பாது? காஜாவைத் துணியிலேயே கட்டுவதா, நூலால் அடைப்பதா? இவற்றில் ஒன்றுக்குக்கூடப் படத்தில் விடை இருக்காது. தலைமைத் தையற்கலைஞர் படத்தை எப்படிப் படிக்கிறாரோ அதுவே விடை. டியோர் துவாலைப் பார்ப்பார், சிலதை ஒதுக்குவார், சிலதைத் திருத்துவார். அதன் பிறகுதான் உண்மையான கம்பளித் துணியில் கத்தரி விழும்.

1955 வசந்தத் தொகுப்புக்கு டியோர் வைத்த பெயர் ‘ஏ கோடு’. தோளில் ஒடுங்கி, இடுப்பைப் பிடிக்காமல், கீழே போகப் போக விரியும் வடிவம். ஆங்கில ஏ எழுத்தைப் போல. அதற்கு முந்தைய பருவத்தில் ‘ஹெச்’, அடுத்த பருவத்தில் ‘ஒய்’. விளம்பரத்துக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. ஆனால் திருடனுக்கு இவ்வளவு வசதி செய்துகொடுத்தவரும் கிடையாது என்று எனக்குத் தோன்றும். தன் வடிவத்தின் சாரத்தை ஒற்றை எழுத்தாக்கி, தந்தியில் அனுப்புகிற அளவுக்குச் சுருக்கித் தந்தவர் டியோரே அல்லவா!

இரண்டாவது படம்

இந்தக் கதையில் படங்கள் இரண்டு. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் வழக்கே புரியாது.

முதல் படம் டியோர் வரைந்தது. கோட்டு பிறப்பதற்கு முன் வந்தது. அது நிறுவனத்தின் சுவருக்குள்ளேயே இருந்தது. இரண்டாவது படம், கோட்டு தைத்து முடிந்து ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்து வேறொருவர் வரைந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறவுக்காரர்கள் போலத்தான் இருக்கும். ஆனால் போகும் திசை வேறு. ஒன்று கோட்டை நோக்கிப் போகிறது, மற்றது கோட்டிலிருந்து கிளம்புகிறது. சந்தையில் விலைபோனது இரண்டாவது படம்.

பாரிஸில் ஆண்டுக்கு இரண்டு முறை தொகுப்புகளைக் காட்டுவார்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் வசந்த–கோடை உடைகள். ஜூலை கடைசி, ஆகஸ்டில் குளிர்கால உடைகள். கோட்டுகள் குவிவது இதில்தான். உலகெங்குமிருந்து வரும் வியாபாரிகள் உள்ளே நுழையவே ஒரு தொகை கட்ட வேண்டும். அதைப் பிறகு வாங்கும் சரக்கின் விலையில் கழித்துக்கொள்ளலாம். அவர்கள் கோட்டை அப்படியே வாங்கலாம், துவாலை மட்டும் வாங்கலாம், அல்லது காகிதத்தில் வெட்டிய அளவு மாதிரியை வாங்கலாம். வாங்கியவருக்கு ஒரு குறிப்புத்தாளும் வரும்: எத்தனை மீட்டர் துணி, எந்த ஆலைத் துணி, பட்டன் யாரிடம் வாங்கியது. ஊருக்குப் போய் அதே மாதிரி தைத்து விற்கும் உரிமையும் அந்த விலைக்குள் அடக்கம். நியூயார்க்கின் ஓர்பாக்ஸ் கடை இதை ஒரு திருவிழாவாகவே நடத்தியது. பாரிஸ் அசலையும் தன் நகலையும் ஒரே மேடையில் நடக்கவிட்டு, எது எது என்று வந்தவர்களைத் திணறவைத்தது. ஒளிவுமறைவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய நகல்.

சிக்கல், காசு கொடுக்காத நகலில் இருந்தது. காட்சி அறையில் உட்கார்ந்து வரையக் கூடாது. உடைகளின் எண்கள் அச்சிட்ட தாளைத் தருவார்கள். பிடித்த எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். பென்சில் அதற்கு மேல் நகர்ந்தால் வெளியேற்றிவிடுவார்கள். அதனால் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் கண்ணால் பிடித்து மனதில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து வரைந்தார்கள். ஒரே மூச்சில் நூற்றைம்பதுக்கு மேல் உடைகள் கடந்துபோகும் காட்சியில் இது லேசான காரியம் இல்லை. திருட்டுதான், ஆனால் தேர்ந்த கை வேண்டிய திருட்டு.

வாங்கியவர்கள் நியூயார்க்கின் ஏழாவது அவென்யூ உடை உற்பத்தியாளர்கள். சந்தா கட்டினால் போதும், பருவம்தோறும் படக்கட்டு வந்துசேரும். இது மில்டன் கண்டுபிடித்த தொழில் அல்ல. 1930-களிலேயே ஆந்த்ரே ஸ்டூடியோஸ் என்ற நியூயார்க் நிறுவனம் கோட்டு, சூட்டுப் படங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்றுச் சந்தாதாரர்களுக்கு விற்றுவந்தது. அந்தப் படங்களில் ஒரு பெருந்தொகுதி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. ஒரு தொழிலின் பின்வாசல் சரக்கு இப்போது அந்தத் தொழிலின் வரலாற்றுக்கே ஆவணம்.

கோட்டுப் படத்தை வாங்கும் உற்பத்தியாளருக்கு உண்மையில் தேவைப்பட்டது என்ன? டியோரின் கை எப்படி ஏறியிருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அவருடைய தொழிற்சாலையில் கேன்வாஸைக் கையால் கோக்க நேரம் ஏது? அவருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: கோட்டு எங்கே ஒடுங்குகிறது, எங்கே விரிகிறது, விளிம்பு முழங்காலுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது. இந்த மூன்றையும் பன்னிரண்டு கோடுகள் சொல்லிவிடும். அதையும் சீக்கிரம் சொல்ல வேண்டும். காசு கட்டிய வியாபாரிகளுக்குச் சரக்கு நாலு வாரம் போலக் கழித்து, குறித்த நாளில்தான் கிளம்பும். பத்திரிகைகளும் அந்த நாள் வரும்வரை படமோ புகைப்படமோ போடக் கூடாது என்பது பாரிஸ் உடைத்தொழில் சங்கத்தின் கட்டுப்பாடு. மனதில் வைத்து வரைந்த படத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, விமானத் தபாலில் ஏறிவிடும். முறையாக வாங்கியவர் பெட்டி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க, படம் வாங்கியவர் துணி வெட்டத் தொடங்கியிருப்பார்.

அட்லாண்டிக்கின் இரண்டு கரைகள்

பிரான்ஸ் இதைக் குற்றமாகப் பார்த்தது. உடையின் வடிவமும் ஒரு படைப்பே என்ற எண்ணம் அங்கே பழையது. வடிவங்களுக்கும் மாதிரிகளுக்குமான சட்டம் 1909-லேயே வந்துவிட்டது. மதலேன் வியோனே என்ற பாரிஸ் உடைக்கலைஞர் தன் உடை ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தெரியும்படி கண்ணாடி முன் நிறுத்திப் படமெடுத்துப் பதிவுசெய்தார். அதோடு நிற்காமல், உடையின் பெயர்ப்பட்டியில் தன் கட்டைவிரல் ரேகையையும் வைத்தார். 1952 மார்ச் 12-ல் உடை, அணிகலன் போன்ற பருவத் தொழில்களில் நகலெடுப்பதை ஒடுக்குவதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே ‘பருவ’ என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். காலம் கடந்தால் பண்டத்துக்கு மதிப்பில்லை என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே ஒரு கோட்டு பயன்படு பொருள், கலைப்படைப்பு அல்ல. 1934-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு வழக்கில் வேடிக்கையான ஒரு நிலையை உறுதிசெய்தது. உடையின் படத்துக்குக் காப்புரிமை (காபிரைட்) வாங்கலாம். அந்தப் படத்தை யாரும் நகலெடுத்து அச்சிடக் கூடாது. ஆனால் அதைப் பார்த்து உடையைத் தைத்தால் அதைத் தடுக்க முடியாது. காகிதத்துக்குக் காவல் உண்டு, துணிக்கு இல்லை.

அதற்கும் முன்னால், 1929-ல், செனி பிரதர்ஸ் என்ற பட்டுத்துணி நிறுவனத்தின் வழக்கு. அவர்கள் பருவத்துக்குப் பருவம் புதுப்புது அச்சு வடிவங்கள் போடுவார்கள். ஐந்தில் ஒன்றுதான் மக்களுக்குப் பிடிக்கும். அதுவும் எட்டு, ஒன்பது மாதம்தான் ஓடும். எந்த ஒன்று ஓடும் என்று தெரியும்வரை காத்திருந்து, ஓடுவதை மட்டும் போட்டியாளர் நகலெடுத்துவிட்டார். ஒரே ஒரு பருவத்துக்காவது காப்புக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நீதிபதி லேர்னட் ஹேண்ட் அவர்களுடைய குறையைப் புரிந்துகொண்டார், ஆனாலும் மறுத்துவிட்டார். அத்தகைய உரிமையைக் கொடுக்க வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், நீதிமன்றம் அல்ல என்பது அவர் வாதம். பிறகு அமெரிக்க உடைக்காரர்கள் தாங்களே சங்கம் சேர்ந்து, நகல் விற்கும் கடைகளுக்குச் சரக்குத் தருவதில்லை என்று கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார்கள். 1941-ல் உச்ச நீதிமன்றம் அது போட்டியை நசுக்கும் கூட்டு என்று சொல்லி அதையும் உடைத்துப்போட்டது.

ஆக, பாரிஸில் குற்றப்பொருளாக இருந்த அதே படம், கடலைத் தாண்டியதும் நேர்மையான சரக்கு. மில்டன் நின்றது இந்த இடைவெளியில்.

வழக்கு

டியோரும் வேறு சில பாரிஸ் நிறுவனங்களும் நியூயார்க் மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது முதல்நிலை விசாரணை நீதிமன்றம்.) அவர்கள் காப்புரிமை என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. போயிருந்தால் 1929-ம் 1934-ம் எதிரே வந்து நின்றிருக்கும். ‘முறையற்ற போட்டி’ என்று வழக்குத் தொடுத்தார்கள். புகாரின் சாரம் இதுதான்: நாங்கள் ஊரறியக் கடைவிரிக்கவில்லை. நகலெடுக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டவர்களை மட்டும் உள்ளே விட்டோம். அந்த நம்பிக்கையை முறித்து எங்கள் மாதிரிகளைப் படமாக்கி, சந்தாதாரர்களுக்கு விற்றுக் காசு பார்க்கிறார்கள்.

இதற்குத் துணையாக நின்றது உடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய தீர்ப்பு. 1918-ல் இரண்டு செய்தி நிறுவனங்கள் சண்டைபோட்டன. கிழக்குக் கரையில் ஒருவர் வெளியிட்ட செய்தியை எடுத்து, நேர வித்தியாசத்தைப் பயன்படுத்தி, மேற்குக் கரையில் மற்றவர் தன் செய்தியாக அனுப்பினார். செய்தி யாருக்கும் சொந்தமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அது சூடாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் போட்டியாளர் அதை அறுவடை செய்வது தவறு என்றது. இந்தத் தர்க்கத்தைத் துணிக்கு நீட்ட மாட்டேன் என்றுதான் 1929-ல் ஹேண்ட் சொல்லியிருந்தார்.

மில்டன் தரப்பு, இதில் வழக்கே இல்லை, தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று மனுப் போட்டது. நீதிமன்றம் மறுத்தது. புகாரில் சொன்னதெல்லாம் உண்மையானால் அது முறையற்ற போட்டிதான், சட்டம் அதைக் கண்டும் காணாமல் இருக்காது என்பது முடிவு. அதே ஆண்டில் மேல்முறையீட்டுப் பிரிவும் அதை உறுதிசெய்தது. சாட்சிகளை விசாரித்து யார் குற்றவாளி என்று சொன்ன தீர்ப்பு அல்ல இது. கதவை மூட மறுத்த தீர்ப்பு, அவ்வளவே. இருந்தாலும் பாரிஸுக்கு அதுவே பெரிய ஆறுதல். அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தங்கள் பக்கம் முகம் திருப்பியிருந்தது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் தீரவே இல்லை. நம்பிக்கை முறிந்தது என்ற வாதம் காட்சி அறைக்குள் நடந்ததைப் பிடிக்கும். சரி. நாலு வாரம் கழித்து அதே கோட்டு பத்திரிகை அட்டையில் வந்துவிடுகிறதே, அதைப் பார்த்து ஒருவர் வரைந்தால்? அதை அந்த வாதம் தொடக்கூட முடியாது. அப்படியானால் டியோர் தரப்பு கேட்டது வடிவத்தின் மேல் உரிமையை அல்ல. கேட்டது அந்த நாலு வாரத்தை.

அந்த ஆறுதலுக்கும் ஆயுள் குறைவு. 1964-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு நகல் வழக்குகள் வந்தன: ஒன்று ஒரு கம்ப விளக்கைப் பற்றி, மற்றது குழல் விளக்கைப் பொருத்தும் கூட்டைப் பற்றி. பேடண்டோ காப்புரிமையோ இல்லாத பொருளை நகலெடுப்பதை மாநிலச் சட்டங்கள் முறையற்ற போட்டி என்ற பெயரில் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. 1956 தீர்ப்பின் காலடி மண் அதோடு சரியத் தொடங்கியது. பாரிஸ் கோட்டைச் சாய்த்தது ஒரு கம்ப விளக்கு!

கடிகாரத்தைக் கையில் எடுத்தவர்

இந்த நாலு வாரக் கணக்கைச் சட்டப் புத்தகத்தை நம்பாமல் வேறு வழியில் தீர்த்தவர் கிறிஸ்தோபல் பலென்சியாகா. ஸ்பெயின்காரர், 1937-ல் பாரிஸுக்கு வந்து அவென்யூ ஜார்ஜ் சேங்கில் கடை திறந்தவர். 1957-ல் அவர் ஒரு முடிவெடுத்தார். வியாபாரிகளுக்கு வழக்கமான நேரத்தில் தொகுப்பைக் காட்டுவார். பத்திரிகைகளுக்குக் காட்டுவது சரக்கு கடைகளுக்குப் போகும் நாளுக்கு முந்தைய நாள், அதாவது மற்றவர்களைவிட ஒரு மாதம் பிந்தி. இன்னொரு பாரிஸ் உடைக்கலைஞரான யுபேர் தெ ஜிவான்ஷியும் கூடச் சேர்ந்துகொண்டார். அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் இந்த இருவருக்காக இன்னொரு முறை கடல் கடக்க வேண்டியதாயிற்று. திட்டித் தீர்த்தார்கள், ஆனாலும் வந்தார்கள். பத்தாண்டு, 1967 வரை, அந்த ஏற்பாடு ஓடியது.

பலென்சியாகாவிடம் அதைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருந்தது என்பது என் எண்ணம். டியோர் படத்தில் தொடங்குகிறவர். பலென்சியாகா துணியில் தொடங்குகிறவர். சிறு வயதிலேயே தையல் பழகியதால், வெட்டுவது, பொருத்துவது, தைப்பது எல்லாமே அவர் கைக்குள் அடங்கும். கை அமைப்பது அவருக்குத் தீராத பித்து. பிடிக்காவிட்டால் தைத்து முடித்த கையைப் பிய்த்துவிட்டு மறுபடி ஏற்றுவார். அவருடைய கோட்டுகள் முதுகில் கூடு மாதிரி உப்பி நிற்கும். காலர் பிடரியைத் தொடாமல் விலகும். கை மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்துவிடும். படத்தில் வரைந்தால் பார்ப்பவர் சொல்வார், ‘ஒரு மூட்டை’ என்று. போட்டுப் பார்த்தால்தான் தெரியும், மூட்டைக்கும் அதற்கும் உள்ள தூரம்.

1961-ல் அவர் செய்த கோட்டு ஒன்று இந்த விஷயத்தின் உச்சம். ஒரே துண்டுத் துணி, ஒரே ஒரு தையல். முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் அந்த ஒரே துண்டிலிருந்து மடிந்தும் சுழன்றும் வருகிறது. அதைக் காட்சி அறையில் பார்த்துவிட்டு ஒருவர் வெளியே வந்து படம் வரைந்தால் அழகான, தளர்வான ஒரு கோட்டு காகிதத்தில் இருக்கும். அதை வாங்கிய உற்பத்தியாளர் தோளில் ஒரு தையல், பக்கத்தில் ஒரு தையல், கைக்கு இரண்டு என்று போட்டுத் தைத்து விற்றிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் அதே கோட்டு. கழற்றிக் கையில் எடுத்தால் வேறு கோட்டு.

2017-ல் லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் பலென்சியாகாவுக்கு ஒரு கண்காட்சி வைத்தது. உடைகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும், பழைய தையலைப் பிரிக்கவும் முடியாது. அதனால் நிக் வீஸி என்ற கலைஞரைக் கொண்டு உடைகளை எக்ஸ்-ரே எடுத்தார்கள். உடையை விறைப்பாக நிறுத்த உள்ளே வைத்த, வெளியே தெரியாத பட்டிகளும், விளிம்பு காற்றில் எழும்பாமல் இருக்கத் தைத்துவைத்த எடைகளும் வெள்ளையாகத் தெரிந்தன. உடைகள் எப்படி வெட்டப்பட்டன என்பதைக் கண்டுபிடிக்க, லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷன் மாணவர்கள் உட்கார்ந்து துவால் தைத்துப் பார்த்தார்கள்.